ஏன் பெருப்பிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு

நல்லூரில் கொடி ஏறி, வெளிநாட்டுச் சனம் ஊரில் நிறையும் நாட்களில் என் மில்லுக்கு இரண்டு விசயங்கள் சேர்ந்தே வரும். ஒன்று, ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் கொண்டுபோக மிளகாய்த்தூள் வேண்டும் என்ற கேட்பு. மற்றது, "ஏன் தங்கச்சி இதை இன்னும் பெருப்பிக்கேல்லை?" என்ற கேள்வி. தூளைக் கட்டிக் கொடுத்துவிடலாம். கேள்விக்குப் படலையடியில் நின்று பதில் சொல்லித் தீராது. என்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெருகாத தொழில் இன்னும் தொழிலாகவில்லை, அது ஏதோ ஒன்றுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது என்ற தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதையும், இப்படி அளவோடு தொழில் நடத்துவதில் உண்மையிலேயே எங்கே நோகிறது என்பதையும் எழுதுகிறேன்.

எங்கள் வளவு மருதனார்மடம் சந்தியில் இருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில், காங்கேசன்துறை வீதியில் இருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டில். உள்ளே மாவுக்கு ஒரு மெசின், தூளுக்கு ஒரு மெசின், வறுப்பதற்கு விறகடுப்புகள். அயலில் இருந்து இரண்டு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். விடிய ஆறு மணிக்குத் திறப்போம். மத்தியானம் ஒரு மணிக்கு மெசின் நிற்கும். பின்னேரம் திறப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் திறப்பதில்லை. தைப்பொங்கலுக்கும் ஆடிப்பிறப்புக்கும் முந்திய கிழமைகளும் நல்லூர்த் திருவிழாக் காலமும் மட்டும் இதற்கு விலக்கு. அந்த நாட்களில் பொழுதுபட்ட பிறகும் மெசின் ஓடும்.

யாழ்ப்பாணத்துத் தூள் என்று வெளியில் ஒரே பெயரில் சொன்னாலும் வீட்டுக்கு வீடு அளவு வேறு. ஒருவருக்கு மல்லி கூட வேண்டும். இன்னொருவருக்குப் பெருஞ்சீரகம் மணக்க வேண்டும். வயதுபோனவர்கள் உள்ள வீட்டில் செத்தலைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மல்லியும் மிளகும் சீரகமும் மஞ்சளும் வேர்க்கொம்பும் சேர்ந்த சரக்கு தனியாக அரைபடும். செத்தலைக் காம்பு கிள்ளி வெயிலில் காயவிட்டு, ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே வறுக்க வேண்டும். மல்லி தாங்கும் சூட்டில் வெந்தயம் கருகிக் கைத்துப்போகும். மிளகாய் வறுபடும் நேரம் ஒழுங்கை முழுவதும் பிரக்கடிக்கும். அதனால் அயல் வீடுகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவோம். அரைத்து வரும் தூள் சுடச்சுட இருக்கும். அதைப் பரவி ஆறவிடாமல் கட்டினால் உள்ளே வேர்த்து, கட்டிபட்டு, பூஞ்சணம் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் வெயில் கிடையாது. அப்போது தூளைக் குறைத்துக்கொண்டு, இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரிசிமா, குரக்கன்மா, உளுத்தம்மா என்று மாப்பக்கம் திரும்பிவிடுவோம்.

வறுவலின் பதத்தைக் கண்ணும் மூக்கும்தான் சொல்கின்றன. ஒரு தாச்சியில் ஒருதரம் வறுக்கக்கூடியது ஓர் அளவுதான். அதற்கு மேல் போட்டால் அடியில் கருகும், மேலே பச்சையாகக் கிடக்கும். என் தொழிலின் எல்லையை முதலில் போட்டது அந்தத் தாச்சி. பிறகுதான் நான் போட்டேன்.

மில்லைத் தொடங்கியவர் அப்பா. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓட்டினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது மெசினைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டிலுக்குக் கூரை இல்லை, மெசின் துருவேறிக் கிடந்தது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து துருவைச் சுரண்டி, சந்திப்பக்கத்து மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பெயரிங் மாற்றி, அதே மெசினை மறுபடி ஓடவைத்தார்கள். என் மாமா ஒருவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950களில் இருந்து இந்தக் குடாநாட்டுக்குப் பெருமையாக இருந்த அந்தத் தொழிற்சாலை 1990இல் போரோடு மூடப்பட்டது. மாமா அதன் பிறகு அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. சிறியது எல்லாம் தப்பிவிடும் என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கையிலேயே திரும்பி எழும்பாத தையல் கடையும் சைக்கிள் கடையும் உண்டு. ஆனால் விழுந்த ஒரு மில்லை நிமிர்த்த ஒரு குடும்பத்தின் கைகள் போதுமாக இருந்தன. எந்த அமைச்சரும் வந்து நாடா வெட்ட வேண்டி இருக்கவில்லை.

நான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளம் பிழையில்லை. ஊழியர் சேமலாப நிதியும் இருந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில் அப்பா காலமானார். அம்மா தனித்தார். மில்லை விற்று அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர்கள்தான் கூட. அம்மாவுக்குக் கொழும்பு அறைகளில் மூச்சு முட்டும். எனக்கும் பிள்ளைகளை இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பார்க்கக் கிடைத்தது. கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி ஒரு கொப்பியை எடுத்து எழுதச் சொன்னது. எங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், அம்மாவின் மருந்துக்கு எவ்வளவு, நல்லது கெட்டதுக்கு எவ்வளவு. அந்தத் தொகையை உழைக்க எவ்வளவு அரைக்க வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் மில்லில் நிற்க வேண்டும். காலை நேரம் போதும் என்று வந்தது. வேலையை விட்டேன்.

இதில் கிடைப்பது என்ன என்று கேட்டால், முதலில் பின்னேரங்களைச் சொல்வேன். பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் அவரைக் குளிப்பாட்ட ஆள் தேட வேண்டி வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால் ஒரு மணி நேரம் தலைகாட்டி வருவது முறையாகாது. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று அது ஒரு மாதம் நீளும். சம்பளத்துக்கு இருப்பவர்கள் லீவு எண்ணி எண்ணி அந்த உறவுகளை இழக்கிறார்கள். நான் முழுநாளும் நிற்கிறேன், எங்கள் வீட்டுக்கு ஒன்று என்றால் ஊரும் வந்து நிற்கிறது. இதை எந்த வரவு செலவுக் கணக்கிலும் காட்ட முடியாது. ஆனால் இங்கே வாழ்கிறவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

அடுத்தது ஆட்களைத் தெரிந்திருப்பது. இராமநாதன் நுண்கலைக் கழகமாகத் தொடங்கி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கும் வளாகம் பக்கத்தில் இருப்பதால், மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மில்லுக்கு வருவார்கள். வயலின் பெட்டியைச் சுவரோடு சாத்திவிட்டு நூறு கிராம் தூள் கேட்பார்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்கு எங்கள் தூள் கருமையாகத் தெரியும். வறுவலைக் குறைத்து ஒருமுறை தனியாக இடித்துக் கொடுப்போம். நாளுக்கு ஒரு தொன் அரைக்கும் இடத்தில் நூறு கிராமுக்கு யார் வறுவலை மாற்றுவார்கள்?

பெருப்பிக்கச் சொன்னவர்களில் ஒருவர் சொல்லோடு நிற்கவில்லை. ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் உறவுக்காரர். காசு தான் போடுவதாகவும், நான் கொன்ரெயினர் அளவில் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். இருந்து கணக்குப் பார்த்தேன். இலங்கைக்கு வேண்டிய செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருகிறது. கொன்ரெயினருக்கு வேண்டிய செத்தலை ஒரே தரத்தில் வாங்க வேண்டுமானால் மொத்த வியாபாரியிடம் மாதக்கணக்கில் முற்பணம் போட வேண்டும். மிளகாயில் பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று ஆய்வுகூடச் சான்றிதழ் வேண்டும். அது நியாயமான கட்டுப்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது, உலர்த்தி வேண்டும். தாச்சி போய் உருளை வறுப்பான் வர வேண்டும். அளவு ஒன்றாகிவிடும், அதாவது எல்லா வீட்டுக்கும் ஒரே தூள். நான் அடுப்படியை விட்டுத் தொலைபேசிக்கும் வங்கிக்கும் துறைமுகத்துக்கும் ஆளாக வேண்டும். எந்த வாழ்க்கைக்காகக் கொழும்பை விட்டேனோ அதை அவருடைய காசில் நானே திரும்ப விற்றதாகிவிடும். அவருக்கு மனவருத்தம்தான். இன்றும் தனக்கு வேண்டிய தூளை என்னிடம்தான் எடுக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இந்த முடிவை விளங்கப்படுத்துவது கடினம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும் என்று வளர்ந்த ஊர் இது. மலாயா ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் போய்ப் பென்சனோடு திரும்பியவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்னும் எங்கள் வீதிகளில் நிற்கின்றன. அதன்பிறகு கொழும்புக் கந்தோர், அதன்பிறகு வெளிநாடு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். அதைப் பார்த்துச் சோம்பேறிகள், சொந்தத் தொழில் தொடங்க வேண்டியதுதானே என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். அந்தப் பிள்ளைகள் கேட்டது சம்பளத்தை மட்டும் அல்ல. படுத்தால் லீவு, வயதுபோனால் பென்சன் என்ற இரண்டு காவல்களையும் கேட்டார்கள். சொந்தத் தொழில் செய்கிறவளுக்கு அந்த இரண்டும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கத்தில் தொழில்முனைவோர் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. தேநீரும் ரோல்சும் தந்து, ஐந்து ஆண்டில் எங்கே நிற்பீர்கள் என்று கேட்கிறார்கள். இங்கேயே நிற்பேன், தூள் இதைவிடத் திறமாக இருக்கும் என்று எழுதினால் அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அரசாங்க உத்தியோகம் ஒரு கரை, பெரிய முதலாளி மறுகரை என்று வைத்துக்கொண்டு நடுவில் நிற்பவர்களை எல்லாம் இன்னும் கரைசேராதவர்களாகப் பார்க்கிறோம். இலங்கையின் 2013/14 பொருளாதாரக் கணக்கெடுப்பில் விவசாயம் அல்லாத தொழிலிடங்கள் சுமார் பத்து லட்சம் என்று வந்தது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரு சிலர் மட்டும் வேலை செய்யும் நுண் தொழில்கள். நாடு நிற்பதே அந்த நடுவில்தான்.

ஜே.சி. குமரப்பாவை இந்த இடத்தில் நினைக்கிறேன். தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்காளர் படிப்பை முடித்தவர். காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1940களில் எழுதியவர். அவர் அரிசி மில்லுக்கு எதிரானவர், கைக்குத்தலை ஆதரித்தவர். அதில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அம்மாவின் உள்ளங்கையில் உலக்கை போட்ட காய்ப்பை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரத்தை மெசின் இறக்கி வைத்தது நல்லதுதான். ஆனால் ஒரு தொழில் அதைச் செய்கிறவரின் உடம்பையும் மனதையும் என்ன செய்கிறது, சுற்றியுள்ள ஊருக்கு என்ன விட்டுவைக்கிறது என்று கேட்காமல் உற்பத்தியை மட்டும் எண்ணக்கூடாது என்றாரே, அங்கே நான் அவர் பக்கம்.

நோகும் இடங்களுக்கு வருகிறேன். இவற்றைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வர நினைக்கும் ஒரு பிள்ளைக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன்.

சிறிய தொழிலுக்கு மெத்தை இல்லை. வெளியில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராக எலும்பில் படும். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. மன்னார்க் கரையிலும் எங்கள் கரையிலும் கள்ளமாக வந்த மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்தி வராத கிழமை இல்லை. மஞ்சளைக் குறைத்துத் தூள் இடித்தால் நிறம் காட்டிக்கொடுக்கும், குறைக்காமல் இடித்தால் கைக்காசு போகும். நிறம் சேர்த்துச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் விலையைக் கூட்டி, ஏன் கூட்டினோம் என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். சிலர் வராமல் விட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனாக் கொத்தணி கண்டறியப்பட்டது. சந்தை மூடப்பட்டது, உடுவில் பிரதேச செயலர் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. ஊரின் பெயர் நாடு முழுவதும் செய்தியில் அடிபட்டது அப்படித்தான். வெளி வியாபாரம் முழுவதும் நின்றுபோனது. ஒழுங்கைக்குள் இருந்த வீடுகளுக்கு மட்டும் மா அரைத்துக் கொடுத்தோம், காசைக் கொப்பியில் எழுதினோம். கடன் எழுதியவர்களில் அநேகமானோர் பிறகு தேடிவந்து தந்தார்கள். ஊரோடு இருப்பதன் பலன் அது. அந்த மாதங்களில் வேலை செய்தவர்களின் சம்பளத்தை என் சேமிப்பில் இருந்து கொடுத்தேன். ஊரோடு இருப்பதன் விலை அது.

2022ஐப் பற்றி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செத்தலின் விலையும் அதன் பின்னால் ஓடியது. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கறண்ட் வரும் நேரத்துக்கு எழும்பி மெசின் போட்டோம், சிலவேளை நடுச்சாமத்தில். அந்த ஓகஸ்ற்றில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். மும்முனை மின்சாரத்தில் ஓடும் மில்லுக்கு அந்த இரண்டு பில்களும் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூலியைக் கிலோவுக்குச் சில ரூபா கூட்டினாலே, இரண்டு கிலோ அரிசி கொண்டுவரும் பெரியம்மா கணக்குப் பார்த்து ஒரு கிலோவோடு நிற்பார்.

இதைவிடப் பெரிய நோவு உடம்பு. சிறிய தொழிலில் உரிமையாளரின் உடம்புதான் முதல். ஒரு மாரியில் காய்ச்சலில் நான் விழுந்தபோது மில் நடந்தது, ஆனால் பதம் தவறிய தூள் கொஞ்சம் வெளியே போய்விட்டது. மிளகாய்ப் புகையில் நின்ற ஆண்டுகள் நெஞ்சில் சேர்ந்திருக்கின்றன. மாஸ்க் போடுகிறோம், புகைபோக்கி வைத்திருக்கிறோம். ஆனாலும் வைத்தியர் ஒவ்வொரு முறையும் அடுப்பில் இருந்து தள்ளி நிற்கத்தான் சொல்கிறார். ஓய்வுக்கு என்ன வைத்திருக்கிறேன் என்றால் வங்கியில் கொஞ்சம், காதில் கழுத்தில் கொஞ்சம்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் பக்கமும் பேச வேண்டும். அளவான தொழில் என் தெரிவு. அவர்களுடையது அல்ல. ஒருவர் வேலை செய்தாலும் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் முதலாளி கட்ட வேண்டும். கட்டுகிறேன். ஆனால் நான் பெருப்பிக்காமல் இருப்பதால் அவர்களின் சம்பளமும் பெருகாமல் நிற்கிறது. முன்னர் இருந்த ஒருவர் அதனால்தான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். அவர் போனதில் நியாயம் இருந்தது. வாழ்க்கைக்கு ஏற்றபடி தொழிலை வெட்டித் தைக்கும்போது அது யாருடைய வாழ்க்கைக்கு என்ற கேள்வி வரும். அதற்கு நான் கண்ட பதில், மத்தியானம் ஒரு மணிக்கு அவர்களும் வீட்டுக்குப் போகலாம் என்பதும், நல்லூர்க் காலத்து மேலதிக வருமானத்தை மூன்றாகப் பிரிப்பதும். அது முழுப் பதில் இல்லை.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லாரும் பட்ட காயம். போர் முடிந்த பிறகு வடக்குக்கு வந்த நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலில் குழுக் கூட்டம் வைத்துப் பெண்களுக்குக் காசு கொடுத்தன. தவணை எடுக்கவும் அதே வாசலுக்கு வந்தன. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அடுத்த தட்டில், வங்கிக் கடனில் பெருப்பித்தவர்களை 2022 நெருக்கடி பிடித்தது. ஈடுவைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் போட இடம்கொடுக்கும் பராட்டே சட்டத்தை 2024இல் நாடாளுமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது அதனால்தான். இந்தக் கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் 578ஆம் ஆண்டில் தொடங்கிய கொங்கோ குமி என்ற கோயில் கட்டும் குடும்ப நிறுவனம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. நிலத்தின் விலை ஏறிய 1980களில் கடன் வாங்கிக் காணிகளில் போட்டு, அந்தச் சுமை தாங்காமல் 2006இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. கோயில் கட்டும் வேலை அவர்களைக் கைவிடவில்லை. கடன் வாங்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. மோட்டரைத் திரும்பச் சுற்றவும், உலர்த்தி ஒன்று வாங்கவும் சிறிய கடன் கேட்டால், வங்கி உத்தியோகத்தர் அதைவிடப் பல மடங்கு தருகிறேன், விரிவாக்கத் திட்டம் எழுதித் தாருங்கள் என்கிறார். கேட்டதைத் தர ஒரு திட்டம் இல்லை.

இந்த நோவுகளுக்குத்தான் மாற்றம் கேட்கிறேன். சுயதொழில் செய்பவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. எங்கள் சந்தையில் மரக்கறி விற்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்? சந்தைக்கு வந்து குத்தகைக் காசு எடுக்க ஆள் இருக்கிறது. சந்தைக்கு வந்து பென்சனுக்குப் பதிய ஆள் வேண்டும். பதிவதோடு முடியாது. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குப் போன நாட்டில், இன்று குறித்துவைத்த தொகையை இருபது ஆண்டு கழித்துக் கொடுத்தால் அது மருந்துக்கும் காணாது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம் வேண்டும். படுக்கையில் விழுந்த மாதத்துக்கு ஒரு கொடுப்பனவு வேண்டும், அதற்கு நாங்களும் பங்கு கட்டத் தயார். இந்த இரண்டும் இருந்தால் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் இருந்த பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் வயலின் வகுப்போ, தையலோ, மில்லோ தாமாகவே தொடங்குவார்கள். அவர்களிடம் திறமை இல்லாமல் இல்லை, கீழே பிடிக்க வலை இல்லை.

தொழிலை மதிப்பிடும் அளவுகோலும் மாற வேண்டும். விருது கொடுக்கிறவர்களும் கடன் கொடுக்கிறவர்களும் விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு மூடாமல் நின்றது, எத்தனை பேருக்குச் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டது, பொருளின் தரம் அப்படியே இருக்கிறதா என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இந்த வீதியில் சுன்னாகம் வரை கடைக்குக் கடை இருக்கிறார்கள்.

கடைசியாக, நான் நெடுநாள் தள்ளிப்போட்ட விசயம். இப்படியான தொழில் ஆளோடு வந்து ஆளோடு போகும். என் பிள்ளைகள் இதை எடுக்கப்போவதில்லை. ஒருவர் கணினிப் பக்கம், மற்றவர் தாதியாகப் படிக்கிறார். அவர்களை அடுப்படிக்கு இழுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் வறுவலின் பதம் அறிந்த கை இந்தக் கொட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் பெண்களில் மூத்தவர் இப்போது என்னைவிடத் திறமாக வறுக்கிறார். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அவரைத்தான் தேடுகிறார்கள். அவரைச் சம்பளக்காரியாகவே வைத்திருந்து, என் காலத்துக்குப் பிறகு மெசினை இரும்புக்கு விற்பதில் நியாயம் இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவில் அவரையும் பங்காளியாகச் சேர்ப்பதற்கான படிவத்தைப் பிரதேச செயலகத்தில் எடுத்து நிரப்பிவிட்டேன். அவர் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சம்மதித்தால், மில்லைப் பெருப்பிப்பதா வேண்டாமா என்பதை இனி அவரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்.